மணல் லாரிக்குப் பின்னால் வரும் பைக்

சென்னையில் சொந்த வீடு கட்டிய எவரிடமாவது பேச்சுக் கொடுத்தால், கதை பெரும்பாலும் ஒரு மணல் லாரியில்தான் தொடங்கும். லாரி தெருவோரம் கொட்டிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் ஒரு பைக் வந்து நிற்கும். வந்தவர் தன்னைக் கவுன்சிலரின் ஆள் என்பார், இல்லையென்றால் கட்சியின் வட்டப் பொறுப்பில் இருப்பதாகச் சொல்வார். அதட்டல் எதுவும் இருக்காது. "என்ன சார், வேலை ஆரம்பிச்சிட்டீங்களா? தலைவரைப் போய்ப் பாத்துட்டு வந்துடுங்க" என்பதோடு சரி. போய்ப் பார்த்தால் பேச்சு சதுர அடிக் கணக்குக்கு வந்துவிடும். அனுபவப்பட்ட மேஸ்திரிகள் இந்தத் தொகையையும் சிமெண்ட், கம்பியோடு சேர்த்தே எஸ்டிமேட்டில் எழுதிவிடுவார்கள். எல்லா வார்டிலும் இப்படித்தான் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அப்படி ஒன்று நடப்பதே இல்லை என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார்.

கே.கே. நகர் இதை யோசித்துப் பார்க்கத் தோதான இடம். கலைஞர் கருணாநிதி நகர் என்ற முழுப்பெயர் இப்போது முகவரிகளில்கூட அபூர்வம். வீட்டு வசதி வாரியம் செக்டர் செக்டராகப் பிரித்துப் போட்ட பகுதி இது. அன்றைய நடுத்தர வர்க்கத்தின் கனவு வீடுகளுக்கு வயதாகிவிட்டது. பல இடங்களில் இடிப்பதும் எழுப்புவதும் ஓயாமல் நடக்கின்றன. மாநகராட்சியின் பத்தாவது மண்டலமான கோடம்பாக்கத்தில் வரும் இந்தத் தெருக்களில் வீடு கட்டுகிறவர் வரைபட அனுமதிக்கும், சொத்து வரிக்கும், பெயர் மாற்றத்துக்கும் மாநகராட்சியிடம்தான் போக வேண்டும். தண்ணீர், சாக்கடை இணைப்புக்கு மெட்ரோ வாட்டர். மீட்டருக்கு மின்வாரியம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கோப்பு, அந்தக் கோப்பு நகர ஒரு காரணம், நகராமலிருக்க நூறு காரணம்.

இந்த மேசைகளுக்குப் பின்னால் இருப்பவர்களை யார் கண்காணிக்கிறார்கள், எந்த விதியைக் கொண்டு? கேள்வி எளிமையானதுதான். பதில் தேடப் போனால் நகரத்தின் முந்நூற்று முப்பது ஆண்டுக் கதைக்குள் போக வேண்டியிருக்கிறது.

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று பிறந்தது. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். அப்போது கோட்டையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். பதவியை வைத்துத் தன் சொந்த வியாபாரத்தை வளர்த்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டில் 1692இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை நீக்கியது. அவருடைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் அதே ஹிக்கின்சன். யேல் சேர்த்த பணத்தில் ஒரு பங்கு கடல் தாண்டிப் போய், இன்று அமெரிக்காவில் அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகமாக நிற்கிறது. பொதுப் பதவியும் சொந்த லாபமும் முட்டிக்கொள்ளும் பிரச்சினை இந்த மாநகராட்சியின் தொட்டில் பருவத்திலேயே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், எல்லோரும் சொல்லும் பெயர் மஸ்டர் ரோல் ஊழல். மஸ்டர் ரோல் என்பது தினக்கூலித் தொழிலாளர்களின் வருகைப் பதிவேடு. அதில் இல்லாத ஆட்களின் பெயரை எழுதிக் கூலியைப் பங்கு போட்டுக்கொண்டதாக எழுந்த புகாரில் 1973 இறுதியில் மாமன்றமே கலைக்கப்பட்டது. கலைத்தது அன்றைய திமுக அரசு. தவறு செய்தவர்கள் மீது நடவடிக்கை எடுத்துவிட்டு ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ தேர்தல் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. திமுக போய், குடியரசுத் தலைவர் ஆட்சி வந்து, அதிமுக வந்து, மறுபடி ஆட்சிகள் மாறி மாறி, 1996இல்தான் சென்னைக்கு மறுபடி மாமன்றம் கிடைத்தது. மு.க. ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரானார். இடையில் கழிந்தவை இருபத்து மூன்று ஆண்டுகள். அதுவும், உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிறகே நடந்தது.

அந்த இருபத்து மூன்று ஆண்டுகளும் அதிகாரிகள் மட்டுமே ஆண்டார்கள். போலிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது யாரோ, வாக்குச் சீட்டைப் பறிகொடுத்தது தெருவாசி. சென்னையில் உள்ளாட்சி ஒழுங்கு என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தப் பழக்கம் திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கிறது. கீழே தவறு நடந்தால் அதிகாரத்தை மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கீழேயே ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்ற யோசனை கடைசியாகத்தான் வரும்.

இரண்டாவது இடைவெளி 2016 அக்டோபரில் வந்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பான குறையைச் சுட்டி உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தலை ரத்து செய்தது. மாமன்றத்தின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை கவுன்சிலரும் இல்லை, மேயரும் இல்லை. மாநகராட்சி ஆணையரே தனி அலுவலர். தீர்மானத்தைக் கொண்டுவருபவரும் அவரே, நிறைவேற்றுபவரும் அவரே. இந்தக் காலத்தில்தான், 2018இல், சென்னை, கோவை மாநகராட்சி டெண்டர்களில் முறைகேடு என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு புகார் கொடுத்தது. போட்டியாளர்கள் என்று சொல்லிக்கொண்ட நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து விண்ணப்பித்திருக்கின்றன என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. தமிழ்நாட்டுக்கு 1998இலிருந்தே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. சட்டம் கேட்ட காகிதங்கள் எல்லாம் கோப்பில் இருந்தாலும் போட்டி மட்டும் பொய்யாக இருக்க முடியும் என்பதுதான் அந்தப் புகாரின் சாரம்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் பாடம் சொல்வது. லஞ்ச ஒழிப்புத் துறை முதற்கட்ட விசாரணை நடத்தியது. அன்றைய அதிமுக அரசு 2020 தொடக்கத்தில் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று முடிவெடுத்தது. 2021இல் ஆட்சி மாறியது. அதே துறை ஆகஸ்டில் முன்னாள் உள்ளாட்சித் துறை அமைச்சர் எஸ்.பி. வேலுமணி உள்ளிட்டோர் மீது வழக்குப் பதிந்து சோதனைகள் நடத்தியது. 2022 நவம்பர் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் டெண்டர் வழக்கில் அவர் மீதான முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது, சொத்துக் குவிப்பு வழக்கை ரத்து செய்ய மறுத்தது. யார் குற்றவாளி, யார் இல்லை என்பது நீதிமன்றத்தின் வேலை. தெருவாசிக்கு உறுத்துவது வேறு. புகார் அதுவே, விசாரிக்கும் துறையும் அதுவே. கோட்டையில் உட்கார்ந்திருப்பவர் மாறியதும் முடிவும் மாறுகிறது என்றால், அந்தத் துறையின் கண் யாருடைய கண்?

லஞ்ச ஒழிப்புத் துறை என்று எல்லோரும் அழைக்கும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம் 1964இல் தொடங்கப்பட்டது. தலைமை அலுவலகம் கே.கே. நகரிலிருந்து அதிக தூரமில்லை, ஆலந்தூரில். அது மாநில அரசின் கீழ் வருகிறது. கீழ்மட்ட ஊழியர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் அதன் திறமையைக் குறை சொல்ல முடியாது. பினாப்தலின் தூள் தடவிய நோட்டுகள், சாட்சிகள், பணம் கைமாறியதும் ஒரு கண்ணாடி டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசல். விரலைத் தோய்த்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி: வரி வசூலிப்பவரோ இளநிலைப் பொறியாளரோ கைது, சஸ்பெண்ட். ஊழல் தடுப்புச் சட்டப்படி மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. புகார்தாரர் இறந்துபோனாலும் பிறழ்சாட்சியானாலும், லஞ்சம் கேட்டதைச் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் சொன்ன பிறகு, இந்தப் பொறி இன்னும் வலுவானது.

ஆனால் பொறியில் சிக்குவது கை நீட்டும் ஆள்தான். நீட்டிய கைக்குப் பின்னால் இருக்கும் வரிசை சிக்குவதில்லை. மேலதிகாரி எடுத்த முடிவு ஒன்றை விசாரிக்க வேண்டுமென்றால், 2018 திருத்தம் கொண்டுவந்த 17ஏ பிரிவு குறுக்கே வரும்: முன் அனுமதி வாங்க வேண்டும். அதே திருத்தம் லஞ்சம் கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியது. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். வீட்டு வேலை பாதியில் நிற்கும்போது யார் ஏழு நாளுக்குள் ஆலந்தூருக்கு ஓடப்போகிறார்கள்?

ஊழியர்களுக்கு விதிகளில் பஞ்சமில்லை. அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973இலிருந்து இருக்கின்றன. உள்ளாட்சி ஊழியர்களுக்கும் அதே அச்சில் வார்த்த கட்டுப்பாடுகள்தான். பரிசு வாங்குவது, சொத்து வாங்குவது, தனி வியாபாரம் செய்வது, வரதட்சணை கேட்பது வரை எல்லாவற்றுக்கும் ஒரு வரி உண்டு. குறித்த காலத்தில் சொத்து விவரம் எழுதித் தர வேண்டும். எழுதித் தரப்பட்ட விவரம் பீரோவுக்குள் போய்விடும். ஆளைப் பிடித்த பிறகுதான் அதைத் தூசி தட்டி எடுப்பார்கள்.

இங்கே இன்னொரு கசப்பான விஷயத்தையும் பேசியாக வேண்டும். 2025 அக்டோபரில் அமலாக்கத் துறை தமிழ்நாடு காவல்துறைக்கு ஒரு கடிதம் எழுதியது. நகராட்சி நிர்வாகத் துறையில் உதவிப் பொறியாளர் உள்ளிட்ட 2,538 பணியிடங்களுக்கு நடந்த தேர்வில் சிலரிடம் தலைக்கு 25 முதல் 35 லட்சம் ரூபாய் வரை வாங்கப்பட்டதாக அதில் குற்றச்சாட்டு. அத்துறையின் அமைச்சராக இருந்த கே.என். நேரு திட்டவட்டமாக மறுத்தார். குற்றச்சாட்டு உண்மையோ பொய்யோ, இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் ஜனங்கள் போடும் கணக்கு ஒன்று உண்டு: வேலைக்குக் கொடுத்த பணத்தை வேலையில்தான் எடுப்பார்கள். நடத்தை விதி எவ்வளவு கறாராக எழுதப்பட்டிருந்தாலும், நியமனம் சந்தேகத்துக்கு இடமானதாக இருந்தால் அந்த விதிக்கு மரியாதை இருக்காது.

கவுன்சிலர்கள் கதை வேறு. ஊழியருக்கு இருக்கும் நீளமான நடத்தை விதிப் பட்டியல் அவர்களுக்குக் கிடையாது. வேட்புமனுவோடு ஒரு சொத்துப் பட்டியல் கொடுப்பார்கள். மாநகராட்சி ஒப்பந்தத்தில் பங்கு இருந்தால் தகுதி இழப்பு என்று சட்டத்தில் பழைய காலத்திலிருந்தே ஒரு விதி உண்டு. ஆனால் மைத்துனர் பெயரில் லைசென்ஸ் எடுக்க இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 தேர்தலில் சென்னை வார்டு வேட்பாளருக்கு அனுமதித்த செலவு வரம்பு 90,000 ரூபாய். அதற்குள் தேர்தலை முடித்தவரைக் கண்காட்சியில்தான் வைக்க வேண்டும். மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்று அரசு அறிவித்தது 2023இல். அதற்கு முன்னால் அமர்வுப் படி என்று கூட்டத்துக்குச் சில நூறு ரூபாய். முழு நேர வேலையை வாங்கிக்கொண்டு கைச்செலவுக் காசு கொடுப்பது ஒழுக்கத்தை வளர்க்கும் வழி என்று யாரும் நினைக்க முடியாது. லஞ்சத்துக்கு இது சமாதானமும் ஆகாது.

புதிய மாமன்றங்கள் வந்து சில மாதங்களில், 2022 ஜூலையில், நாமக்கல்லில் நடந்த உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மாநாட்டில் முதலமைச்சர் ஸ்டாலின், ஒழுங்கீனத்தைக் கண்டால் சர்வாதிகாரியாக மாறி நடவடிக்கை எடுப்பேன் என்ற பொருளில் எச்சரித்தார். 2025 மார்ச் கடைசியில் நடவடிக்கையும் வந்தது. சென்னைக் கவுன்சிலர்கள் இருவர், தாம்பரம் கவுன்சிலர் ஒருவர், உசிலம்பட்டி நகராட்சித் தலைவர் என நால்வரை அரசு பதவி நீக்கம் செய்தது. அவர்கள் உயர் நீதிமன்றப் படியேறினார்கள். நால்வரும் செய்தது சரியா தவறா என்பதைவிட, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை நீக்கும் பேனா ஆளும் கட்சி நடத்தும் அரசின் கையில் இருப்பதுதான் யோசிக்க வைக்கிறது. இன்று நியாயமாக ஓடிய பேனா நாளை எதிர்க்கட்சி வார்டைத் தேடி ஓடலாம்.

மதுரையில் நடந்தது இதைவிட நவீனமானது. அங்கே வணிகக் கட்டடங்களுக்குச் சொத்து வரியைக் கணினியிலேயே குறைத்துப் போட்டதாகப் புகார். அதிகாரிகளின் கடவுச்சொற்களைப் பயன்படுத்தி இது நடந்தது என்பது குற்றச்சாட்டு. சுமார் 150 கோடி ரூபாய் இழப்பு என்று பேசப்பட்டது. முறைகேட்டைக் கண்டுபிடித்துக் காவல்துறைக்குப் போனது மாநகராட்சி ஆணையரே என்பது இந்தக் கதையின் நல்ல பக்கம். 2025 ஜூலையில் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். ஆகஸ்டில் மேயரின் கணவர் கைதானார். அக்டோபரில் மேயரும் விலகினார். கணினி வந்தால் ஊழல் போய்விடும் என்று பத்திருபது வருடமாக மேடைகளில் சொல்லிவந்தார்கள். கணினி ஒன்றை மட்டும் நிச்சயமாகச் செய்தது: யார் எப்போது எந்த எண்ணை மாற்றினார் என்ற தடயத்தை விட்டுவைத்தது. அதைப் படிக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

மேயரின் கணவர் என்ற சொல்லில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு ஐம்பது சதவீத இட ஒதுக்கீடு 2016இல் சட்டமானது. பெரிய சாதனை. ஆனால் பல ஊர்களில் "கவுன்சிலர் வீட்டுக்காரர்" என்பது எழுதப்படாத பதவியாகிவிட்டது. அவர் அரசு ஊழியரும் இல்லை, மக்கள் பிரதிநிதியும் இல்லை. அதனால் எந்த நடத்தை விதியும் அவரைத் தொடாது.

இந்த விஷயத்தில் நம் முன்னோர் கில்லாடிகள். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையை எல்லா அரசியல் மேடையிலும் சொல்வார்கள். அதில் தகுதி நீக்கப் பட்டியலைப் படித்தவர்கள் குறைவு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, சிற்றன்னை பெரியன்னை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், மருமகன் என்று ஒரு பெரிய உறவுக்கூட்டமே நிற்க முடியாது. மைத்துனர் பெயரில் லைசென்ஸ் எடுக்கும் வித்தையைப் பத்தாம் நூற்றாண்டுக்காரர்கள் முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. அது நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களின் சபை. அதைப் பொற்காலம் என்று கொண்டாடுவதற்கில்லை. ஆனால் சொந்தக்காரன் என்ற ஓட்டையை அவர்கள் அடைத்த அளவுக்கு இன்றைய சட்டம் அடைக்கவில்லை.

அண்டை மாநிலங்களில் இதற்குச் சில முயற்சிகள் உண்டு. கர்நாடகத்தில் பெலகாவி மாநகராட்சிக் கவுன்சிலர்கள் இருவர், மாநகராட்சியின் உணவுக் கடைகள் அவர்கள் மனைவியர் பெயரில் ஒதுக்கப்பட்டதற்காக 2025 பிப்ரவரியில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். கேரளம் சென் கமிட்டியின் யோசனைப்படி 2000இல் உள்ளாட்சிகளுக்கென்றே ஏழு பேர் கொண்ட ஆம்பட்ஸ்மன் அமைப்பை, அதாவது புகார்களை விசாரிக்கும் நடுவத்தை, உருவாக்கியது. அடுத்த ஆண்டே அதை ஒற்றை நபர் அமைப்பாகச் சுருக்கியதும் உண்மை. மத்திய அரசின் இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் 2007இல் உள்ளாட்சி ஆம்பட்ஸ்மனைப் பரிந்துரைத்தது.

தமிழ்நாடு 2014இல் இதற்குச் சட்டம் போட்டது. முறைமன்ற நடுவம் என்று அழகான பெயர். கே.கே. நகர்த் தெருவில் நின்று பத்துப் பேரைக் கேட்டால் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? 2018 ஜூலையில் லோக் ஆயுக்தா சட்டமும் வந்தது. பல்லில்லாத சட்டம் என்று சொல்லி திமுக வெளிநடப்பு செய்தது. ஆட்சிக்கு வந்த பிறகு பல் கட்டிவிட அவர்களும் அவசரப்படவில்லை. இவை போதாதென்று உள்ளாட்சி நிதித் தணிக்கை, தகவல் ஆணையம், 1913 என்ற மாநகராட்சி உதவி எண், முதலமைச்சரின் குறைதீர்ப்புப் பிரிவு. கதவுகள் பல. ஒவ்வொன்றும் அடுத்த கதவைக் கைகாட்டும்.

இவ்வளவு கதவுகளில் ஒன்றுகூட, தவறு நடப்பதற்கு முன் தட்டக்கூடிய கதவாக இல்லை. நியூயார்க் நகரத்தில் நலன் முரண் வாரியம் என்று ஒன்று இருக்கிறது. ஐம்பது டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசை, நகரத்தோடு வியாபாரம் செய்பவரிடமிருந்து ஊழியர் வாங்கக்கூடாது. அந்த வாரியத்தில் சுவாரசியமானது அபராதம் போடும் வேலையல்ல. "என் தம்பி நிறுவனம் டெண்டர் போடுகிறது, நான் அந்தக் கோப்பைப் பார்க்கலாமா?" என்று ஓர் ஊழியர் தொலைபேசியில் ரகசியமாகக் கேட்டு ஆலோசனை பெறலாம். நம் ஊர் உதவிப் பொறியாளருக்கு அப்படி ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார்? மேலதிகாரியைத்தான். அவருக்கும் ஒரு தம்பி இருக்கலாம். பிரிட்டனிலும் பாதை நேர்கோடாக இல்லை. 1970களின் போல்சன் ஊழலில் நியூகாஸில் நகரத்தின் செல்வாக்கு மிக்க தலைவர் டி. டான் ஸ்மித் சிறைக்குப் போன பிறகு கவுன்சிலர்களுக்குத் தேசிய நடத்தை நெறி வந்தது. பின்னாளில் அமைத்த கண்காணிப்பு வாரியத்தை 2011 சட்டத்தின் மூலம் அவர்களே கலைத்தார்கள். இலங்கையில் 2023 ஊழல் எதிர்ப்புச் சட்டம் சொத்து விவர அறிக்கையைக் கடுமையாக்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் அண்மையில் நடந்த இரண்டு மாற்றங்கள், பெரிதாகப் பேசப்படாவிட்டாலும், இந்த எல்லாக் கமிஷன்களையும்விடப் பயனுள்ளவையாக இருக்கக்கூடும். ஒன்று, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு உரிமையாளரே இணையத்தில் விவரங்களைப் பதிந்து அனுமதி பெறலாம். மேசைகள் குறைந்தால் மேசைக்கு அடியிலான வேலையும் குறையும். பைக்கில் வருபவரை இது நிறுத்தாது. ஆனால் "பிளான் அப்ரூவல் ஆயிடுச்சா?" என்று அவர் மிரட்ட முடியாது.

மற்றொன்று ஏரியா சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் பம்மலில் கலந்துகொண்டார். சென்னையின் 200 வார்டுகளிலும் வார்டு குழு, ஒவ்வொரு வார்டுக்குள்ளும் பத்து ஏரியா சபைகள் என்பது ஏற்பாடு. கிராம சபையில் நூறு நாள் வேலைக் கணக்கைக் கேட்டுச் சண்டை போடும் பெண்களைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. நகரத்தில் அந்தப் பழக்கமில்லை. நகரவாசி தெருவிளக்கு எரியவில்லை என்பார், நாய் தொல்லை என்பார், குப்பை வண்டி வரவில்லை என்பார். மூன்றும் நியாயமான புகார்கள். இந்தத் தெருவுக்கு மழைநீர் வடிகால் போட்ட ஒப்பந்ததாரர் யார், அளவுப் புத்தகத்தில் எத்தனை மீட்டர் எழுதியிருக்கிறது, தரையில் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று ஒருவர் எழுந்து கேட்டால் கூட்டம் அதிரும். கேட்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. தகவல் உரிமைச் சட்டத்தை இந்தியாவில் முதலில், 1997லேயே, இயற்றிய மாநிலம் இது.

கவுன்சிலர்களே வார்டு குழுவுக்குத் தலைவர்கள். கணக்குக் கேட்கும் கூட்டத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவரே தலைமை தாங்குகிறார். இந்த ஒன்றை மாற்றாமல் ஏரியா சபையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இன்னும் தீராத விவாதம்.

2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. மறுபடி நிற்பவர்கள் மறுபடி சொத்துப் பட்டியல் தருவார்கள். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து அந்தந்த வார்டின் தேநீர்க்கடைச் சுவரில் ஒட்ட மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு ஆகும் செலவு, ஒரு வார்டுக்கு நாலைந்து தாளும் கொஞ்சம் பசையும்.